கோதண்டம் ஓடிய ஓட்டம்

அத்தியாயம் – 9

கோதண்டத்துக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த மூன்று வாரத்தில் கோதண்டம் நன்றாகச் சதை போட்டிருந்தார். அவர் மகள் மகிழினிதான் இளைத்துப் போயிருந்தாள்.

திருவொற்றியூர் இரும்புக் கம்பெனியில், ஐம்பதைத் தாண்டிய கிரேன் ஆபரேட்டர்கள் எல்லோரும் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டதும், லேபில் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மிஷினை நிறுத்திவிட்டு 'நிலைமை மோசம்' என்று எழுதிக் கொடுத்ததும், மறுநாளே கோதண்டத்தைக் கிரேனிலிருந்து இறக்கி கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்ததும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். போன வாரம் டாக்டர் சாபிரா, "அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டாம், முதலில் ஸ்கேன் பார்ப்போம்" என்று சொல்லப்போக, கோதண்டத்தின் மனைவி சொக்கம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே டாக்டரோடு மல்லுக்கு நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஸ்கேன் இன்றைக்குத்தான்.

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீட்டில் காலையிலேயே ரகளை. கோதண்டம் வெறும் வயிற்றோடு வர வேண்டும், டீ காபி கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. சொக்கம்மாள் அதை மொத்த வீட்டுக்கும் நீட்டித்துவிட்டாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

"எம்மா, பட்டினி கெடக்கச் சொன்னது நைனாவ. எனுக்கு ஒரு வாய் டீ குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் மகிழினி.

"டீ வாசன அவரு மூக்குல ஏறும். அப்பால அவரும் கேப்பாரு. இன்னிக்கு ஒரு நாளு சும்மா கெட."

"மூணு வாரமா உப்பு இல்லாம துன்னுகினு கீறோம். இப்ப டீயும் இல்லியா?"

"உன்ன பெத்தவருக்கு நெஞ்சாங்கூட்டுல அடைப்பு. நீ இன்னாடான்னா டீக்கு அழுவுற!"

மகிழினி ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரைக் குடித்தாள். ராயபுரத்தில் கப்பல் சரக்குக்குக் கிளியரிங் பார்க்கிற ஓர் ஆபீசில் டைப் அடித்துப் பிழைக்கிறவள் அவள். அப்பாவின் இதயத்துக்காக அவள் போட்ட லீவில் மேனேஜருக்குத்தான் மாரடைப்பு வரும் போலிருந்தது. ஆனால் அம்மாவிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்த பிளாக்கிலேயே கிடையாது.

கோதண்டம் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பயம் என்று சொக்கம்மாள் நினைத்தாள். மகிழினியும் அப்படித்தான் நினைத்தாள்.

அப்போது பீம்ராவ் படியேறி வந்தான். சொக்கம்மாளின் ஒரே தம்பி. காசிமேட்டிலிருந்து மாதவரம் வரை மீன் பெட்டி ஏற்றிப்போகிற மீன்பாடி வண்டி வைத்திருப்பவன். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுச் சோற்றோடு காலத்தை ஓட்டுகிறவன். கீழ்வீட்டில் இருந்தாலும் முக்கால்வாசி நேரம் இங்கேதான் இருப்பான்.

"மாமா ரெடியா? வண்டிய கயுவி, பாய் விரிச்சு வெச்சுகீறேன்."

"மீன் வண்டிலயா நைனாவ ஆஸ்பத்திரிக்கு இட்னு போவ?" மகிழினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆட்டோ சொல்லிகீறேன் மாமா. நீ பேசாம லோடுக்கு போ."

"இன்னிக்கு லோடு இல்ல. மாமா பக்கத்துல நான் இருக்கணும்" என்றான் பீம்ராவ்.

ஆட்டோவுக்குப் பின்னால் அவன் வண்டியும் வந்தது. வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், ஏதோ மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி.

*

ஆஸ்பத்திரியில் லிப்ட் ரிப்பேர். ஸ்கேன் இரண்டாவது மாடியில்.

"இதய ஆஸ்பத்திரில லிப்ட் இல்லன்னா அப்பறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சொக்கம்மாள் ரிசப்ஷனில் கேட்டாள். அங்கிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கே அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

"நான் நடந்தே ஏறிக்கிறேன்" என்றார் கோதண்டம்.

"அய்யய்யோ! படி ஏறக்கூடாது. டேய் பீமு!"

பீம்ராவ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு மாமாவை அதில் அழுத்தி உட்காரவைத்தான். ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் வார்டுபாய். கோதண்டம் மேலே போகப் போக, "வோணாம்டா, எறக்கி உடுடா, நீ தூக்காதடா" என்று கத்திக்கொண்டே போனார். இவருக்கு என்ன இவ்வளவு கூச்சம் என்று மகிழினிக்கு எரிச்சலாக வந்தது. மூன்று வாரமாகக் கட்டிலிலேயே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டபோது இல்லாத கூச்சம்!

முதல் மாடித் திருப்பத்தில் பீம்ராவ் நாற்காலியை இறக்கி வைத்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"மாமா செம வெயிட்டு. உப்பில்லாத சோத்துலயே இப்டின்னா, உப்பு போட்டா இன்னா ஆவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை.

*

டிரெட்மில் அறைக்குள் ஒருவரை மட்டும் விடுவோம் என்றார்கள். மகிழினி போனாள்.

டாக்டர் சாபிராவுக்கு நாற்பது வயது இருக்கும். எவ்வளவு அவசரத்திலும் நிதானமாகப் பேசுகிறவர்.

"ஐயா, இதுல நடக்கணும். வேகம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். இதயம் நல்லா வேலை செய்யறப்போ ஊசில ஒரு மருந்து போடுவோம். ரத்தம் எங்கல்லாம் போகுதோ, மருந்தும் அங்கல்லாம் போகும். அதைக் கேமரால படம் எடுப்போம். அப்புறம் நல்லா ஓய்வெடுத்த பிறகு இன்னொரு படம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, உழைக்கும்போது இதயத்துல எந்த இடம் ரத்தம் பத்தாம பட்டினி கிடக்குதுன்னு தெரிஞ்சுடும். சரியா?"

"சரிமா" என்றார் கோதண்டம். மார்பு முழுக்க ஒயர் ஒட்டியிருந்தது.

நர்ஸ் வியாகுலம்மாள் அவர் கையைப் பிடித்து மிஷின் மேல் ஏற்றினார். கோதண்டம் ஏறினார். ஏறி, கைப்பிடிக்கும் திரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றார்.

"பெரியவரே, இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினார். பட்டை மெதுவாக நகர்ந்தது.

"எம்மாடி! தரை நவுருது!" என்று அலறிக்கொண்டு கோதண்டம் கீழே குதித்து, வியாகுலம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டார்.

டாக்டர் சாபிரா கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்கய்யா, போன மாசம் இதே மாதிரி மிஷின்லதானே ஓடினீங்க?"

"அது... அது வேற மாதிரி மிஷினு" என்றார் கோதண்டம்.

"எல்லாம் இதே மாதிரிதான் இருக்கும்" என்றார் டாக்டர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மறுபடி ஏற்றினார்கள். முதலில் கைப்பிடியை விடாமல் தொங்கினார். பிறகு பழகிவிட்டது. வேகம் ஏறியது, சரிவும் ஏறியது. கோதண்டம் நடந்தார். மூச்சு வாங்கியது, வேர்த்தது, ஆனால் முகத்தில் வலி என்று ஒன்று இல்லவே இல்லை. கடைசியில், "இன்னும் கொஞ்சம் ஸ்பீடா வைக்கலாம்மா" என்றுகூடச் சொன்னார். திரையில் கோடுகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. ஊசி போட்டார்கள்.

மகிழினி அந்தக் கோடுகளைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இந்தப் பட்டையில் ஓடினவருக்கு, அது நகரும் என்று தெரியாதா? எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்றுகூடவா தெரியாது?



*

முதல் படம் எடுத்து முடித்ததும், அடுத்த படத்துக்கு மத்தியானம் வரை காத்திருக்கச் சொன்னார்கள். சொக்கம்மாள் பக்கத்துக் கோயிலுக்குப் போயிருந்தாள். பீம்ராவ் கீழே வண்டியிடம் இருந்தான். கேன்டீனில் கோதண்டத்துக்கு ஒரு பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்துவிட்டு மகிழினி எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, அன்னிக்கு லேபுல எந்தப் பக்கம் பாத்து ஓடின?"

கோதண்டம் பன்னைக் கடித்தார். "இன்னா கேள்வி இது? நேராத்தான்."

"நீ ஓடல."

"இன்னாது?"

"நீ அந்த மிஷின வாழ்க்கைலயே இன்னிக்குத்தான் பாக்குற. கத விடாத நைனா. எனுக்கு வர்ற கோவத்துக்கு இந்த டேபிள தூக்கி போட்டுருவேன்."

பக்கத்து மேஜைக்காரர் தன் தோசையை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார்.

கோதண்டம் பன்னைத் தட்டில் வைத்தார். "தேசப்பன் ஞாபகம் கீதில்ல? நம்ம செட்டு. அவனத்தான் மொதல்ல ஓட உட்டாங்கோ. பெயிலு. கேட்டுல குந்த வெச்சாங்கோ. மறுவாரமே ஆளு சுருங்கிட்டான். நான் இருவது வருசத்துக்கு மேல கிரேன் மேல குந்தி, கீய கீறவன அல்லாம் எறும்பு மாதிரி பாத்தவன். எனுக்கு ஓடத் தெரியாதும்மா. குந்தியே பயகிட்டேன். பெயிலாயிடுவேன்னு பயம்."

"அதனால?"

"பீமுதான் சொன்னான். நான் தெனம் மீன் பெட்டி தூக்குறவன், நான் ஓடிட்டு வரேன் மாமா, நீ வெளிய டீ குட்ச்சுகினு இருன்னான். என் நீலச் சட்டைய குடுத்தேன், ஹெல்மெட்ட குடுத்தேன். லேபுல பேரு கேட்டாங்கோ. கோதண்டம்னான். உட்டுட்டாங்கோ."

மகிழினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வாரம்! உப்பில்லாத குழம்பு, கட்டிலில் சாப்பாடு, ஆபீசில் கெஞ்சல், அம்மாவின் நேர்த்திக்கடன்கள். அத்தனையும் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்த ஓர் இதயத்துக்கு! சிரிக்க வாயெடுத்தவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"அப்ப அந்த ரிப்போர்ட்டு யாருது நைனா?"

கோதண்டம் பால் தம்ளரைக் கையில் எடுத்தார்.

"யாரு நெஞ்சு அது?"

"மிஷினு கோளாறும்மா. பீமுவே சொன்னான். முந்தின நாளு சரியா துன்னல, தல சுத்திச்சுன்னான். அவனுக்கு ஒண்ணியும் இல்லன்னான்."

"நீ நம்பிட்ட?"

"நம்புறதுக்கு சொகமா இருந்துச்சு" என்றார் கோதண்டம்.

இதைக் கேட்டதும் மகிழினிக்கு அப்பாவை அடிக்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து மாமா இவரை மாடிக்குத் தூக்கி வந்தது கண்முன் வந்தது.

"மேல வா. டாக்டராண்ட சொல்லு."

"மகி, இவங்கோ கம்பெனி டாக்டரு. இங்க சொன்னா அங்க போவும். ஆள் மாறாட்டம்னு டிஸ்மிஸ் பண்ணிடுவாங்கோ. ரிட்டயர் ஆவ ரெண்டே வருசம். ஸ்கேன் நல்லா வந்துச்சுன்னா திரும்ப கிரேன்ல ஏத்திடுவாங்கோ. பீமுவ நாம தனியா எங்கியாச்சும் காட்டிக்கலாம்."

"எப்போ?"

"அடுத்த வாரம்."

*

மத்தியானம் அடுத்த படமும் எடுத்து முடிந்ததும், டாக்டர் சாபிராவின் அறையில் கோதண்டம், சொக்கம்மாள், மகிழினி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். திரையில் வட்ட வட்டமாக மஞ்சளும் சிவப்பும் தெரிந்தன.

"மேல இருக்கறது நடந்தப்போ எடுத்தது. கீழ இருக்கறது ஓய்வுல எடுத்தது. ரெண்டும் ஒண்ணு போல இருக்கு பாருங்க. எந்த இடத்துலயும் ரத்தம் குறையல. இந்த இதயத்துக்கு ஸ்டென்ட்டும் வேண்டாம், பைபாஸும் வேண்டாம்."

சொக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். போன வாரம் இதே டாக்டரை வாய்க்கு வந்தபடி ஏசியவள் இப்போது, "நீ நல்லா இருக்கணும் தாயி" என்று அழுதாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. பழைய டிரெட்மில் ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இதுதான் புரியல. இதுல நடக்க ஆரம்பிச்சதுமே ஈசிஜி மாறியிருக்கு. ஏற வேண்டிய பிரஷர் இறங்கியிருக்கு. ஆளைப் பாக்காம இதை மட்டும் என்கிட்ட குடுத்திருந்தா, ஸ்கேனுக்கே காத்திருக்க மாட்டேன். அன்னைக்கே அட்மிட் பண்ணி, ஆஞ்சியோ எடுத்து, எந்தக் குழாயைத் திறக்கறதுன்னு பாத்திருப்பேன். சில அடைப்புக்கு மாத்திரை போதும், நிதானமா யோசிக்கலாம். இது அந்த ரகம் இல்ல. ஆனா நீங்க நெஞ்சு வலியே வந்ததில்லைன்னீங்க. அதனாலதான் நிறுத்தி யோசிச்சேன். அன்னைக்கு என்னதான் நடந்துச்சு, சொல்லுங்கய்யா?"

மகிழினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"மிஷினு பேஜாரா இருந்துருக்கும்மா" என்றார்.

மகிழினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அது பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் எடுத்து நிறுத்தவில்லை. "எங்கடி போற?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது, அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

*

பீம்ராவ் வண்டி நிழலில், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மகிழினிக்கு அந்த மாத்திரை எதுவென்று தெரியும். வலி வந்தால் வைத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவுக்குக் கொடுத்த அட்டை வீட்டில் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

"மாமா."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "இன்னா மகி? மாமாக்கு இன்னா சொன்னாங்கோ?"

"நைனாக்கு ஒண்ணியும் இல்ல. வாயத் தொற."

"அட, மிட்டாய் மகி."

"வாயத் தொறன்னு சொல்றேன்!"

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பீம்ராவ் வண்டிப் பலகையில் உட்கார்ந்தான்.

"உனுக்குத் தெரியும்" என்றாள் மகிழினி. "மொத நாளே தெரியும்."

"அன்னிக்கு லேபுலயே இத்த வெச்சு உட்டாங்கோ. அப்பவே புர்ஞ்சிருச்சு." அவன் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. லோடு லேட்டாகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். "பெட்டி தூக்கச் சொல்லோ புடிக்கும். இத்த வெச்சா உட்டுரும்."

"அப்பறம் ஏன்யா டாக்டராண்ட போவல?"

"போனா எப்ப டெஸ்ட் எட்த்த, எங்க எட்த்தன்னு கேப்பாங்கோ. சொன்னா மாமா கத கந்தல். என்னிய திரும்ப ஓட உட்டு அதே ரிப்போர்ட் வந்துச்சுன்னா, யாருக்காச்சும் டவுட்டு வரும். மாமா கிரேன்ல ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்னு குந்திகினு கீறேன். ஸ்கேன்தான் நல்லா வந்துருச்சே. இன்னும் ஒரு வாரம் மகி."

"ஒரு வாரம்! அவரும் அடுத்த வாரம்ன்றாரு. நீயும் ஒரு வாரம்ன்ற. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பைத்தியம் புட்ச்சு சாவணுமா?" மகிழினி வண்டிப் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். உள்ளங்கை எரிந்தது. அழுகை வந்துவிட்டது, அதுவும் எரிச்சலாகவே வந்தது. "உனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா எங்கம்மா இருக்குமாய்யா? நைனா அந்த கிரேன்ல ஏறி இன்னாத்த பாப்பாரு?"

பீம்ராவ் பதில் சொல்ல வாயெடுத்து, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து நிறுத்தினான்.

கோதண்டம் வந்துகொண்டிருந்தார், தன் சொந்தக் காலில், வேகமாக. பின்னால் சொக்கம்மாள். அதற்கும் பின்னால் வியாகுலம்மாள் ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சொல்லிட்டேன்டா" என்றார் கோதண்டம்.

"இன்னாத்த சொன்ன?"

"ஓடினது நீன்னு. டாக்டரம்மாவாண்ட."

"லூசா மாமா நீ? வேல போயிடுமே!"

"போவட்டும்." கோதண்டத்தின் குரல் உடைந்தது. "அந்தம்மா திரும்ப அந்த பேப்பர எடுத்து பாத்துச்சு. இதுல ஓடின ஆளு இப்ப எங்க கீறாருன்னு தெரிஞ்சா ஓடிப்போய் புடிப்பேன்னு சொல்லிச்சு. அதுக்கு மேல எனுக்கு பொய் சொல்ல நாக்கு பொரளலடா."

பீம்ராவ் அக்காவைப் பார்த்தான். ஊரையே வாயால் விரட்டுகிற சொக்கம்மாள் இப்போது கையைத்தான் ஓங்கினாள். நேராக வந்து தம்பியின் முதுகில் பளாரென்று ஓர் அறை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் அப்படியே அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க தம்பி" என்று வியாகுலம்மாள் சக்கர நாற்காலியை அருகில் கொண்டுவந்தார். "டாக்டர் காத்துகிட்டு இருக்காங்க."

பீம்ராவ் எழுந்திருக்கவில்லை. நான்கு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இனி யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பது அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, எல்லோர் எதிரிலும் தன் நெஞ்சின் மேல் கையை வைத்து அழுத்தினான்.

"யக்கா, மாத்திர வெச்சும் உடமாட்டேங்குதுக்கா" என்றான். "காலைலேர்ந்து வலிக்குது."